இரண்டு கண் விட்ட கவாத்து

ஒயின் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார் என்று தகவல் வந்ததும், பந்தலுக்கு அடியில் கிடந்த சருகையெல்லாம் வியாகுலமேரி கூட்டிப் பெருக்கச் சொன்னாள். ஓடைப்பட்டிப் பக்கம் நல்ல திராட்சைத் தோட்டம் எது என்று கேட்டால் அவள் தோட்டத்தைத்தான் கைகாட்டுவார்கள். இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. ஒரு கொடிகூட நோஞ்சானாக நிற்காது. தோட்டக்கலைத் துறை கொடுத்த கேடயம் முன்னறையில் மாதா படத்துக்குக் கீழே இருந்தது. கணவர் சூசைமுத்து பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து விஷயத்தில் அவர் வாயைத் திறக்க மாட்டார். எப்போது வெட்டுவது, எப்போது மருந்தடிப்பது, யாருக்குக் காயைக் கொடுப்பது எல்லாம் அவள்தான்.

வந்தவர் பெயர் சசிதரன். மலைக்கு அந்தப் பக்கம், கட்டப்பனைக்காரர். கம்பெனியில் ஒயின் போடுவது அவர் பொறுப்பு. வியாகுலமேரி அவரைப் பந்தல் முழுக்கச் சுற்றிக் காட்டினாள். குலைகள் தலையில் இடிக்கிற மாதிரி கருகருவென்று தொங்கின. அவர் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினார்.

“நல்ல கிருஷி, சேச்சி. நல்ல சுத்தம்.”

அவள் முகம் மலர்ந்தது. டீ வந்தது. டம்ளரைக் கையில் வாங்கியவர், வேலிக்கு அப்பால் எதையோ பார்த்தார். பார்த்தபடியே நின்றுவிட்டார்.

“அது யாரோட தோட்டம்?”

“எந் தங்கச்சிது. அதப் போயி கேக்குறீக. பாக்க ஆளில்லாமக் கெடக்கு.”

அவர் டம்ளரை வேலிக் கல்தூணின் மேல் வைத்துவிட்டு, வேலியில் இருந்த சந்து வழியாகக் குனிந்து அந்தப் பக்கம் போனார். வியாகுலமேரியும் பின்னால் போக வேண்டியதாயிற்று. அங்கே கொடிகள் கொடிகளாக இல்லை. ஒவ்வொன்றும் தொடை கனத்துக்கு முறுக்கிக்கொண்டு, பட்டை உரிந்து, மரம்போல நின்றது. பந்தலில் இலை கம்மி, குலையும் கம்மி. இருந்த குலைகளும் கைப்பிடிக்குள் அடங்குகிறவை. சசிதரன் ஓர் அடிமரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். ஒரு பழத்தைக் கடித்து, தோலை மட்டும் வெகுநேரம் மென்று, கொட்டையைக் கையில் துப்பி உற்றுப் பார்த்தார்.

“எத்தனை வருஷத்துக் கொடி இது?”

“எழுபத்தொம்பதுல எங்கப்பா ஊனுனது.”

“நாப்பத்திமூணு வருஷம்!” அவர் குரலே மாறிவிட்டது. “நாலு வருஷமா நான் இப்படியொரு தோட்டம் தேடிக்கிட்டு நடக்கேன் சேச்சி. இங்க எல்லாரும் பதினஞ்சு, இருபது வருஷத்துல பிடுங்கிடுவாங்க. வருஷத்துக்கு ரெண்டு, மூணு வெள்ளாமை எடுத்தா கொடி தாங்காது. இது எப்படித் தப்பிச்சது?”

எப்படித் தப்பித்தது என்று வியாகுலமேரிக்குத்தான் தெரியும். அப்பா அருளப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லை, இரண்டும் பெண்கள். அவர் போன பிறகு நான்கு ஏக்கரையும் நடுவில் வேலி போட்டுப் பிரித்தார்கள். மூத்தவள், தோட்டத்திலேயே கிடந்து உழைத்தவள் என்பதால் கிணற்றோடு சேர்ந்த பாதியை அவள்தான் முதலில் கேட்டு வாங்கினாள். தங்கை அனிதா மேரி தேனி அல்லிநகரத்தில் பள்ளிக்கூட டீச்சர். “நீ எதக் குடுத்தாலும் சரிக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாயிரத்து ஐந்தில் காய்ப்பு குறைந்தபோது வியாகுலமேரி தன் பாதியில் இருந்த அப்பாவின் கொடிகளை இயந்திரம் வைத்துப் பிடுங்கிப் போட்டுப் புதுக்கொடி ஊன்றினாள். பிறகு பதின்மூன்று வருஷம் கழித்து இன்னொரு முறை. தங்கையையும் அப்படிச் செய்யச் சொல்லி வருஷா வருஷம் சத்தம் போட்டாள். அனிதாவுக்கு நேரமும் இல்லை, அக்கறையும் இல்லை. யாராவது ஒருவருக்குக் குத்தகைக்கு விடுவாள். அவன் வருஷத்துக்கு ஒரு வெள்ளாமை எடுத்துவிட்டுச் சும்மா போட்டுவிடுவான். அந்தச் சும்மா கிடந்ததில்தான் கொடி பிழைத்திருக்கிறது.

இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. “எங்கிட்ட இருக்கிற காய் இதவிட மூணு மடங்கு சார்” என்று மட்டும் சொன்னாள்.

“அதுதான் சேச்சி. இளங்கொடி எல்லாருக்கும் வாரி வாரிக் கொடுக்கும். அதுல வெறும் இனிப்புதான் இருக்கும், பின்னால ஒண்ணும் இருக்காது. கிழட்டுக் கொடி கொஞ்சமாத்தான் காய்க்கும். வேர் கல்லுக்கு அடியில போயிருச்சு இல்லையா, நேத்துப் பெஞ்ச மழையைப் பத்தி அதுக்குக் கவலை கிடையாது. பழம் சின்னது, தோல் கனம். நிறமும் வாசமும் எல்லாம் அந்தத் தோலிலதான் இருக்கு. இதுல ஒயின் போட்டா அது வேற சாதனம், வேற சரக்கு கேட்டீங்களா.” அவர் போனை எடுத்தார். “உங்க அனியத்தி... தங்கச்சி நம்பர் தாங்களேன்.”

அவள் சொல்லச் சொல்ல அவர் எண்ணைக் குறித்துக்கொண்டார். அவர் ஜீப் போன பிறகு திரும்பி வந்து பார்த்தாள். கல்தூணின் மேல் டீ அப்படியே இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது.

அன்று சாப்பிடும்போது சூசைமுத்துவிடம் சொன்னாள். அவர், “நல்லதுதேன. ஒந் தங்கச்சிக்கு ஒரு வழி பெறந்துச்சு” என்றார்.

“ஒரே நாளுல ஊனுன கொடி. நானும் அப்பாவும் சேந்து குழி பறிச்சோம். அவ அப்ப தொட்டில்ல கெடந்தா.”

“அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்ற?”

என்ன செய்யலாம் என்று அவளுக்கும் தெரியவில்லை. தங்கையின் காய்க்கு நல்ல விலை கிடைக்கும் என்பது அவளைச் சுடவில்லை. தானும் அந்தக் கொடிகளை வைத்திருந்தவள்தான். நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைத்துப் பிடுங்கியவள். பார்த்துக்கொள்ளாதவளுக்கு அது கிடைத்திருக்கிறது. இதை யாரிடம் போய் நியாயம் கேட்பது?

அதற்குப் பிறகு அனிதா ஞாயிறுதோறும் வர ஆரம்பித்தாள். பூசை முடிந்ததும் நேரே தோட்டத்துக்கு வருவாள், தலையில் ஒரு தொப்பி. கணவன் எட்வின் அவளை ஓர் அடிமரத்தில் சாய்ந்து நிற்க வைத்துப் படமெடுத்துக் குடும்பத்து வாட்ஸப் குழுவில் போட்டான். சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாம் கைதட்டுகிற பொம்மையை வரிசையாகப் போட்டார்கள். வியாகுலமேரி அந்தப் படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தாள். தங்கையின் தோளுக்குப் பின்னால் அவளுடைய பந்தலின் மூலை தெரிந்திருக்க வேண்டும். எட்வின் அதை வெட்டிவிட்டிருந்தான்.

பிறகு அனிதாவே சொன்னாள், பாட்டிலில் என்ன பெயர் போடப்போகிறார்கள் என்று. “அருளப்பன் தோட்டம்னு போடுறாகளாம்க்கா. கீழ நட்ட வருசம். அப்பா பேரு!” சொல்லும்போது அவள் கண் கலங்கியது.

“ரெண்டு தோட்டமும் அப்பா தோட்டந்தேன்” என்றாள் வியாகுலமேரி.

“ஆமாக்கா” என்றாள் அனிதா. அவள் வேறு எதையும் கவனிக்கவில்லை.

கார்த்திகை பிறந்ததும் கவாத்து செய்ய வேண்டும் என்று சசிதரன் சொல்லியிருந்தார். அப்போது வெட்டினால் பங்குனியில், மழையில்லாத வெயிலில் பழுக்கும். குத்தகைக்காரன் போய்விட்டான். அனிதாவுக்குக் கத்தரி பிடிக்கவும் தெரியாது. அக்கா வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டாள்.

“ஒன்னய விட்டா எனக்கு யாருக்கா இருக்கா? நல்ல கையா வேணும்னு சசி சாரு சொல்லிட்டாக. அஞ்சு கண்ணு விட்டு வெட்டணுமாம்.”

கொடியில் இலைக்காம்பு சேரும் இடத்தில் புடைத்திருக்கிற மொட்டைத்தான் கண் என்பார்கள். பழைய குச்சியில் ஐந்து கண் விட்டு வெட்டினால் நான்காவதும் ஐந்தாவதும் துளிர்த்துக் குலை பிடிக்கும். அடியில் இருக்கிற ஒன்று, இரண்டில் பெரும்பாலும் வெறும் இலைதான் வரும். பன்னிரண்டு வயதிலிருந்து கத்தரி பிடிக்கிற வியாகுலமேரிக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“வெட்டித் தாரேன்” என்றாள்.

முதல் நாள் ஒழுங்காகத்தான் வெட்டினாள். கூடச் சங்கிலியம்மாள் இருந்தாள். முப்பது வருஷமாகத் திராட்சைப் பந்தலில் வேலை செய்கிறவள். வெட்டி விழுகிற குச்சிகளைப் பொறுக்கிக் கட்டுவது அவள் வேலை. மாலைக்குள் நான்கு வரிசை முடிந்தது. அந்தக் கொடிகளைத் தொடும்போது வியாகுலமேரிக்குக் கை தயங்கியது. அவளுடைய புதுக்கொடிகளில் குச்சி பச்சையாக, சதையாக இருக்கும். கத்தரி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். இங்கே ஒவ்வொரு வெட்டும் எலும்பில் வெட்டுகிற மாதிரி சத்தம் போட்டது.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு அனிதா வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தாள். பந்தலுக்கு அடியில் நடந்துகொண்டே யாரிடமோ போனில் பேசினாள். வியாகுலமேரி ஏணியின் மேல் நின்றாள். சொல்வது அவள் காதில் தெளிவாக விழுந்தது.

“எங்க அப்பா எனக்குன்னு வச்சுட்டுப் போன கொடி மிஸ். அவுகளுக்கு எம் மேல அம்புட்டுப் பிரியம்.”

வியாகுலமேரியின் கை நின்றது. அப்பா கடைசி ஆறு மாதம் படுக்கையில் கிடந்தபோது பீத்துணி அலசியது யார்? இந்தப் பந்தலுக்குக் கல்தூண் ஊன்றும்போது தோளில் கயிறு போட்டு இழுத்தது யார்? கீழே தங்கை சிரித்துக்கொண்டே போனாள். வியாகுலமேரி கத்தரியை ஐந்தாவது கண்ணிலிருந்து கீழே இறக்கி, இரண்டாவது கண்ணுக்கு மேலே வைத்து அழுத்தினாள். குச்சி விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

அனிதா மதியத்துக்கு முன்பே கிளம்பிவிட்டாள். சங்கிலியம்மாள் கீழே விழுந்த நீளமான குச்சிகளைப் பார்த்தாள். அண்ணாந்து பந்தலைப் பார்த்தாள்.

“என்னாத்தா, இம்புட்டு ஒட்ட வெட்டுற?”

“பழைய கொடி. இப்பிடித்தேன் வெட்டணும்.”

“நேத்து அப்பிடி வெட்டலயே.”

“ஒன் வேலயப் பாரு சங்கிலி.”

சங்கிலியம்மாள் குனிந்து குச்சிகளைக் கட்டினாள். நான்காம் நாள் முடிந்தபோது பந்தல் மொட்டையாக நின்றது. வியாகுலமேரி, முதல் நாள் ஒழுங்காக வெட்டிய நான்கு வரிசையையும் போய் மறுபடி ஒட்ட வெட்டியிருந்தாள்.

மார்கழியில் துளிர் நன்றாகத்தான் வந்தது. தை பிறந்தும் குலைதான் வரவில்லை. ஒரு கொடிக்கு நான்கோ ஐந்தோ, அவ்வளவுதான். ஒவ்வொரு ஞாயிறும் அனிதா பந்தலுக்கு அடியில் அண்ணாந்தபடி நடந்தாள். ஒரு நாள் அக்காவின் அடுப்படியில் வந்து உட்கார்ந்து அழுதாள்.

“கொடிக்கு வயசாயிப் போச்சுக்கா. நான் கவனிக்காம விட்டதுதேன். கம்பெனிக்காரகளுக்கு என்ன பதில் சொல்லுவேன்? அப்பா பேரக் கெடுத்துட்டேன்.”

வியாகுலமேரி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். அந்த நேரத்தில் அவளுக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. அனிதா போன பிறகு அவள் குடித்த டம்ளரைக் கழுவும்போது அந்தத் திருப்தி காணாமல் போயிருந்தது. மறுநாள் தன் தோட்டத்தில் குலைகளைப் பார்த்தபோதும் அது வரவில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய அந்தத் தவக்காலம் முழுக்க அவள் போகவில்லை. சூசைமுத்து கேட்டதற்கு முழங்கால் வலி என்றாள்.

பங்குனி கடைசியில் அறுவடை. வழக்கமாக ஒரு லாரி பிடிக்கிற தோட்டத்தில் ஒரு சின்ன வண்டியில் பாதிதான் நிறைந்தது. சசிதரன் தலையில் கைவைத்துக்கொள்வார் என்று வியாகுலமேரி எதிர்பார்த்து வேலியோரம் நின்றாள். அவர் ஒரு பழத்தை எடுத்து, சர்க்கரை அளக்கிற சின்னக் குழாயில் அதன் சாற்றைப் பிழிந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குழாயைத் துடைத்துவிட்டு இன்னொரு கொடியின் பழத்தைப் பிழிந்தார். மூன்றாவதாக ஒன்று. பிறகு பெட்டிகளை ஏற்றச் சொன்னார். அனிதா “சார், கோவமா?” என்று கேட்டதற்கு, “பாக்கலாம் டீச்சரே” என்று மட்டும் சொன்னார்.

ஏழு மாதம் எந்தப் பேச்சும் இல்லை. ஐப்பசி பாதியில் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. முதல் பாட்டிலைத் திறக்கிறார்கள், இரண்டு பேரும் வர வேண்டும் என்று. வியாகுலமேரி வரவில்லை என்றாள். அனிதா விடவில்லை. காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தாள்.

ஆலையின் முன்கட்டில் நீளமான மேஜை போட்டிருந்தார்கள். முதலாளியும் அவர் மனைவியும், பெங்களூரிலிருந்து வந்த மூன்று பேரும் இருந்தார்கள். காலை பதினொரு மணி. ஜன்னல் வழியாக மேகமலை பச்சையாகத் தெரிந்தது. சசிதரன் முதலில் ஒரு பாட்டிலைத் திறந்து ஆளுக்கு ஒரு வாய் ஊற்றினார். “இது பக்கத்துத் தோட்டங்கள்ல வாங்கின இளங்கொடி” என்றார்.

வியாகுலமேரி ஒயினே அறியாதவள் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஜாடியில் சர்க்கரை போட்டு அவளும் போடுவாள். டம்ளரை மூக்கருகே கொண்டுபோனதும் பன்னீர் வாசம் குப்பென்று அடித்தது. வாயில் ஊற்றினாள். மிட்டாய் மாதிரி இருந்தது. விழுங்கிய உடனே போய்விட்டது.

பிறகு மற்ற பாட்டிலை எடுத்தார். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. அருளப்பன் தோட்டம், 1979. அவள் எழுத்துகளைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்தாள். நாவற்பழச் சாறுபோல இருந்தது. சாய்த்தால் கண்ணாடியில் நிறம் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கியது. மோந்தாள். எதுவும் வரவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்தாள். டம்ளரை மறுபடி சுழற்றி மோந்தபோது, எங்கோ ஆழத்தில் அதே பன்னீர் வாசம் இருந்தது. அதன் மேல் போடியில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரைத் தாண்டிப் போகும்போது வருமே அந்தக் காரல், வெயிலில் காய்ந்த கொடிப்பட்டையின் வாசம், கொஞ்சம் கருப்பட்டி. ஒவ்வொன்றாக வந்தது. ஒன்று வந்ததும் மற்றது போய்விடவில்லை.

வாயில் வைத்தாள். இனிப்பே இல்லை. பாக்கு மென்றால் இறுக்குகிற மாதிரி நாக்கை இறுக்கியது. புளிப்பு இருந்தது, ஆனால் அது முகத்தைச் சுளிக்க வைக்கவில்லை. எதையும் சொல்லிவிட அவசரப்படாத ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. விழுங்கினாள். போகவில்லை. அவள் மனதுக்குள் ஓர் அருள்நிறைந்த மரியே செபம் சொன்னாள். முடித்தபோதும் தொண்டையில் அது இருந்தது.

என் பாதியும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தாள். இந்த ஒரு வருஷத்தில் பட்ட எரிச்சலெல்லாம் அந்த ஒரு வாயின் முன்னால் ஒன்றுமே இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. பெங்களூர்க்காரர்களில் ஒருவர், வயதான பெண், கண்ணை மூடியபடி டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இதுல என் பங்கு ரொம்பக் கம்மி” என்றார் சசிதரன். “நான் அஞ்சு கண் விட்டு வெட்டச் சொன்னேன். வெட்டின ஆள் ரெண்டு கண்தான் விட்டிருக்கு. அறுவடைக்கு வந்தப்பதான் பாத்தேன், நடுங்கிட்டேன், சத்தியம். சாதாரணக் கொடின்னா வெறும் இலைதான் வந்திருக்கும். இது நாப்பத்திமூணு வருஷம், வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை எடுத்துச் சேத்து வச்ச பலம். அடிக்கண்ணுலயும் காய்ச்சது. இருந்த அத்தனை சத்தும் நாலு குலைக்குள்ள இறங்கிடுச்சு. எனக்கு இந்தத் தைரியம் வராது. டீச்சரே, யாரு வெட்டினது?”

அனிதா அக்காவின் தோளைச் சுற்றிக் கைபோட்டாள். “எங்க அக்காதேன். அவ கைக்கு ஈடு கெடையாது சார்.”

எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளியின் மனைவி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வியாகுலமேரி தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

திரும்பும்போது அனிதா வழியெல்லாம் பேசினாள். அடுத்த வருஷமும் அக்காதான் வெட்ட வேண்டும், பாட்டிலின் பின்பக்கம் அக்கா பெயரையும் போடச் சொல்லிவிட்டேன் என்றாள். சின்னமனூரைத் தாண்டித் தென்னந்தோப்பு வந்தது.

“பேரெல்லாம் போட வேண்டாம்” என்றாள் வியாகுலமேரி.

“ஏன்க்கா?”

“நான் நல்லதுக்கு வெட்டலடி. காய்க்கக் கூடாதுன்னு வெட்டுனேன்.”

அனிதாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காரை ஓரங்கட்டினாள். ஒரு பால் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது.

“எதுக்கு?”

“பொறாம. வேறென்ன.” சொன்ன பிறகு அந்தச் சொல் வாயில் கனமாக இருந்தது. “ஒனக்குன்னு அப்பா வச்ச கொடின்னு போனுல சொன்ன. ஏணியில நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன்.”

“யாருகிட்ட? எப்ப?”

அவளுக்கு நினைவே இல்லை. வியாகுலமேரிக்கு அதுதான் மேலும் வலித்தது.

“தை மாசம் ஒன் அடுப்படியில ஒக்காந்து அழுதேன்ல” என்றாள் அனிதா. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. “முதுகத் தடவிக் குடுத்தியே.”

“ஆமா.”

“தெரிஞ்சே தடவுன.”

“ஆமா.”

அனிதா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “எறங்குக்கா” என்றாள்.

வியாகுலமேரி இறங்கினாள். கார் போய்விட்டது. முக்கால் மணி நேரம் நின்று மினிபஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். சூசைமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர், “சங்கிலியம்மா அப்பவே எங்கிட்டச் சொல்லுச்சு. நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்” என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது என்பதைவிட, இத்தனை நாள் தெரிந்துகொண்டே தன் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டார் என்பதுதான் அவளைக் கூச வைத்தது.

இரண்டு வாரம் அனிதாவிடமிருந்து போன் இல்லை. குடும்பத்துக் குழுவிலும் அவள் எதுவும் எழுதவில்லை. இரண்டு ஞாயிறும் கோவிலில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கார்த்திகை பிறந்து நான்காம் நாள், வேலிக்கு அப்பால் பேச்சுக்குரல் கேட்டு வியாகுலமேரி எட்டிப் பார்த்தாள். ஜெயமங்கலத்திலிருந்து கூட்டிவந்த இரண்டு ஆண்கள் கத்தரியோடு நின்றார்கள். கூட அனிதாவும் சசிதரனும் இருந்தார்கள். சசிதரன் ஒரு கொடியைக் காட்டி இரண்டு கண் விடச் சொன்னார். அவர்களில் மூத்தவன் கத்தரியை மடக்கினான். “ரெண்டு கண்ணு விட்டா ஒரு காய் வராது சார். நாளைக்கு எங்க மேல பழி வரும். நாங்க வெட்ட மாட்டோம்” என்றான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

சசிதரன் வேலிப் பக்கம் திரும்பினார். “சேச்சி அங்கதானே நிக்கிறாங்க. அவங்களைக் கூப்பிடுங்க டீச்சரே.” அவரிடம் அனிதா எதையும் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் வியாகுலமேரிக்குத் தெரிந்தது.

அனிதா மெதுவாக வேலியருகே வந்தாள். இளைத்திருந்தாள்.

“வா” என்றாள். “ஆனா நான் கூட நிப்பேன். ஒவ்வொரு வெட்டுக்கும் நிப்பேன்.”

“நில்லு.”

“நம்பிக் கூப்பிடல. வேற ஆளில்ல.”

“தெரியும்டி.”

அப்படித்தான் நடந்தது. முதல் நாள் முழுக்க அனிதா ஏணிக்குக் கீழே நின்று ஒவ்வொரு குச்சியிலும் கண்ணை எண்ணினாள். கழுத்து வலித்திருக்கும், சொல்லவில்லை. இரண்டாம் நாள் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து திருத்தினாள். கத்தரிச் சத்தம் சற்று நின்றால் நிமிர்ந்து பார்த்தாள். வேலைக்கு மேல் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓரிரு முறை, அந்தப் பெரிய அடிமரங்களில் கைவைத்து ஏணி மாற்றும்போது, வியாகுலமேரிக்குப் பழைய எரிச்சல் அப்படியே நெஞ்சில் ஏறியது. இது என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். ஏறியது தானாக இறங்கும்வரை கத்தரியை மூடி வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வெட்டினாள்.

மூன்றாம் நாள் அனிதாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ வேலை. மதியம் வரை வர முடியவில்லை. வந்தபோது வியாகுலமேரி மூன்று வரிசை முடித்திருந்தாள். அனிதா கைப்பையை இறக்கி வைத்துவிட்டு, மூன்று வரிசையையும் குச்சி குச்சியாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. முடித்துவைத்த வேலையை இன்னொருவர் போய்ச் சரிபார்ப்பது வியாகுலமேரிக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உள்ளே குத்தியது. ஏணியின் மேலேயே காத்திருந்தாள்.

“சரியா இருக்கு” என்றாள் அனிதா கடைசியில். “எறங்கு. சாப்புடுவோம்.”

சங்கிலியம்மாள் குச்சிக் கட்டுகளை நகர்த்தி உட்கார இடம் பண்ணிக் கொடுத்தாள். அனிதா தன் டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சோற்றில் பாதியை அக்காவின் தட்டில் தள்ளினாள். எவ்வளவு வேண்டும் என்று கேட்கவில்லை.